பட்டினி போட்டால் அது விளையாட்டு இல்லை

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு வயது காக்டெய்ல் கிளி இருக்கிறது. பந்தை எடுத்து வரவும் கை கொடுக்கவும் பழக்குகிறேன். சொன்னபடி செய்வதில்லை, பையனைக் கடித்தும் விட்டது. காலைத் தீனியைப் போடாமல் வைத்தால் வழிக்கு வரும் என்றார் ஒருவர். அதையும் செய்து பார்த்தேன், பலன் இல்லை. எளிய விளையாட்டுகள் சில சொல்லுங்கள். நாட்டுப் பச்சைக்கிளி சீக்கிரம் கற்றுக்கொள்ளுமாமே, ஊருக்குள் விற்க வருகிறார்கள், ஒன்று வாங்கலாமா?
— தொண்டியிலிருந்து ஒரு மீனவ வாசகர்

பதில்: காலைத் தீனியை இன்றைக்கே மறுபடி போட ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். தலையில் கொண்டை வைத்த இந்தக் காக்டெய்ல் (cockatiel) கிளி சுமார் 100 கிராம்தான் எடை இருக்கும். அந்தச் சின்ன உடம்பு தின்றதை வேகமாக எரித்துவிடும், பட்டினி தாங்காது. அதோடு, பசிக்குப் பயந்து ஓர் உயிர் செய்வதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிளி ஜோசியத்தில் ஒரு நெல்லுக்காகச் சீட்டெடுத்துப் போடுகிறதே, அந்தக் கிளியின் நிலைமையை உங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டாம்.

கடித்ததை ஒரு குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். அது குற்றமில்லை, 'போதும், விடு' என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி. அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை ஒரு கடையில் வாங்கினார். 2007-இல் அது இறக்கும்வரை அதற்குப் பாடம் நடந்தது. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொன்ன அந்தக் கிளி, சலித்துவிட்டால் கூண்டுக்குத் திரும்பிப் போகணும் என்றும் வாய்விட்டுச் சொல்லும். உங்கள் கிளிக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அதனால் கடித்தது. கடிப்பதற்கு முன் கொண்டையால் சொல்லியிருக்கும், நீங்களும் பையனும் பார்த்திருக்க மாட்டீர்கள். கொண்டை தலையோடு ஒட்டிப் படிந்து, வாயைத் திறந்து சீறினால் அதற்குப் பயம் அல்லது கோபம். கையை எடுத்துவிட வேண்டும். கொண்டை விறைத்து நேராக நின்றால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது. பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் தாராளமாக விளையாடலாம். விளையாட வருவதும் எழுந்து போவதும் கிளியின் இஷ்டம் என்பதைப் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

கை கொடுப்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு ஐஸ் குச்சியை நீட்டுங்கள். அலகால் அதைத் தொட்ட நொடியிலேயே 'சபாஷ்' சொல்லி, தினைக்கதிரில் ஒரு கொத்து கொடுங்கள். சபாஷ் தாமதமானால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தொடுவது பழகியதும் குச்சியை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், நடந்து வரும். பிறகு கையில் ஏறுவது, சொன்ன இடத்தில் போய் உட்காருவது எல்லாமே இந்தக் குச்சியிலிருந்துதான் வரும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். அதற்குப் பிடித்த தீனியை மட்டும் இந்த நேரத்துக்கென்று ஒதுக்கிவைத்தால் ஆர்வம் தானாக இருக்கும். சூரியகாந்தி விதையை அள்ளிக் கொடுக்காதீர்கள், அதில் கொழுப்பு அதிகம்.

பந்துக்கு அலெக்ஸுக்குப் பாடம் நடத்திய வழியே உதவும். இரண்டு பேர் கிளியின் எதிரில் ஒரு பொருளைக் கேட்டு வாங்கி, கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்கு நாமும் சேரணும் என்று தோன்றிவிடும். உங்கள் பிள்ளைகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பந்தை உருட்டட்டும், கிளியைக் கூப்பிடவே வேண்டாம். ஆண் காக்டெய்லாக இருந்தால் சீட்டி விளையாட்டும் நன்றாக வரும்: அது ஒரு சீட்டி அடித்தால் நீங்கள் அதையே திருப்பி அடித்து, கடைசியில் ஒரு சுரம் கூட்டுங்கள். மேஜையிலிருந்து மூடியைத் தள்ளிவிட்டு நீங்கள் எடுப்பதை வேடிக்கை பார்த்தால் திட்டாதீர்கள். அது தானே கண்டுபிடித்த விளையாட்டு. எடுத்துக் கொடுங்கள், மறுபடி தள்ளட்டும்.

ஆனால் கிளி இனத்துக்கே பிடித்த விளையாட்டு தீனியைத் தேடிக் கிழித்து எடுப்பது. காட்டில் பகலின் பெரும்பகுதி அதற்கு அந்த வேலைதான்; கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்து நாம் அதைப் பறித்துவிடுகிறோம். இதற்குக் கடைப் பொம்மை எதுவும் தேவையில்லை. பனை ஓலைக் கொட்டான் உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். சாயம் போடாத சின்னக் கொட்டானில் தினையோ குதிரைவாலியோ போட்டு, வாயை ஓலையாலேயே முடிந்து தொங்கவிடுங்கள். ஓலையைக் கிழிக்கும் சுகமே அதற்குப் பாதி விளையாட்டு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாயையும் கொடுக்கலாம். உருண்டையாக இருப்பதால் உருட்டும், பிளக்கும், விதையைப் பொறுக்கும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பூச்சிமருந்து இருக்கும் என்பதால் நன்றாகக் கழுவுங்கள். பூஞ்சை பிடித்த வற்றல் கூடவே கூடாது. விளையாடி முடிந்ததும் பையன் கை கழுவாமல் கண்ணைக் கசக்கிவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டினால் அலகால் சுரண்டிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

மீனவர் வீடு என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வலையில் கோக்கும் ஈயக்குண்டு கிளியின் கண்ணில் படவே கூடாது. கடிக்க மென்மையாக இருப்பதால் கிளிக்கு அது ரொம்பப் பிடிக்கும். உள்ளே போகும் ஈயம் ரத்தத்தில் கலந்து நரம்பைத் தாக்கும். தள்ளாட்டம், வலிப்பு வந்து உயிரே போகும். அப்படி ஏதும் தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நைலான் வலைத்துண்டில் பொம்மை கட்டித் தராதீர்கள், நூல் காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும். கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலையும் வாசல் கதவையும் சாத்துங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் வெளியே போன கிளியைக் கரைப்பக்கம் தேடிப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

பச்சைக்கிளி வாங்காதீர்கள். காக்டெய்ல் ஆஸ்திரேலியப் பறவை, வீடுகளிலேயே குஞ்சு பொரித்துப் பழகிய இனம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது மூன்றுமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்கும் உங்களுக்கும் சிறையும் அபராதமும் உண்டு. மரப் பொந்தில் தாய் ஊட்டிக்கொண்டிருந்த குஞ்சைத்தான் அவர்கள் கூடையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் அடுத்த வருஷம் இன்னொரு பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சை எடுப்பார்கள். மறுபடி விற்க வந்தால் ராமநாதபுரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். தெருவில் யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் கூண்டைத் திறந்து பறக்கவிடச் சொல்லாதீர்கள். இறகு வெட்டிய கிளி பூனைக்கும் காக்கைக்கும்தான் போகும். அதையும் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.