கடுவனா, பெட்டையா? பூனை சலம் போகும் இடம் பற்றி வந்த கேள்விகள்

மாரி தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: பூனை மண் தட்டை விட்டுவிட்டுக் கண்ட இடத்தில் சலம் போகிறது. கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் கடுவனா பெட்டையா, வயது என்ன, கருத்தடை ஒப்பரேஷன் செய்ததா, எப்போதிருந்து இப்படி என்ற நாலையும் கட்டாயம் எழுதுங்கள். "எங்கட பூனை மூத்திரம் பெய்யுது, மருந்து சொல்லவும்" என்று ஒரு வரி மட்டும் வந்தால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

3 வயதுக் கடுவன். நேற்றிலிருந்து குசினியிலும் குளியலறையிலும் போய்ப் போய்க் குந்துகிறான், இரண்டு சொட்டுத்தான் வருகிறது, கத்துகிறான். சூடு பிடித்திருக்கும் என்று இளநீர் பருக்கினோம். அரைப் பனடோல் கொடுக்கலாமா? (அக்கரைப்பற்று)

கொடுக்கவே கூடாது. உங்களுக்குத் தொலைபேசியில் உடனே சொல்லிவிட்டேன், இது மற்றவர்களுக்காக. இது சூடு இல்லை, அடைப்பு. கடுவனின் சலக்குழாய் மிகவும் ஒடுக்கமானது. உப்புக் கற்துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சலம் பைக்குள்ளேயே தேங்கும், கழிவு இரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் கூடும், கடைசியில் இதயம் நிற்கும். ஒரு நாளிலேயே நிலைமை மோசமாகும். இரண்டு, மூன்று நாள் விட்டால் உயிர் போய்விடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, அதனால் இந்த நேரத்தில் அது மருந்தே இல்லை, கேடு. வயிற்றைத் தொட்டால் தோடம்பழம் போல இறுகியிருக்கும். அமுக்கிப் பார்க்க வேண்டாம், பை வெடித்துவிடலாம். ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், குழாய் போட்டுச் சலத்தை எடுப்பார்.

பனடோலை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பல் முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சு இளைக்கும். பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று எத்தனை பேர் வந்துவிட்டார்கள்! பாமசிக்காரர் மனிதருக்கு மருந்து கொடுப்பவர்.

மண் தட்டுக்கு வெளியே போனால் மூக்கை அதில் தேய்த்துவிட்டால் பழகும் என்கிறார்களே? (வாழைச்சேனை)

பழகாது. உங்களுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால் என்று ஒளித்துப் போகத்தான் பழகும்.

எங்கள் பூனை எப்போதும் வளவுக்குள் போய் மண்ணைத் தோண்டித்தான் போகும். மழை பிடித்ததிலிருந்து மெத்தையில் போகிறது. 5 வயதுப் பெட்டை, ஒப்பரேஷன் செய்தது. (ஆரையம்பதி)

நாலு விவரமும் எழுதிய உங்களுக்கு நன்றி. வளவில் வெள்ளம் நிற்கிறது, தோண்டினால் சேறு. அது எங்கே போகும்? மெத்தை மெதுவானது, உலர்ந்தது, சலத்தை உறிஞ்சும். அதன் கணக்கில் அதுதான் நல்ல மண். பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் மூன்று விரல் உயரத்துக்கு உலர்ந்த மண் போட்டு, சாரல் அடிக்காத விறாந்தை மூலையில் வையுங்கள். மேலே அது வழக்கமாகப் போகும் இடத்து மண்ணைக் கொஞ்சம் தூவினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதுவரை படுக்கை அறைக் கதவு சாத்தியே இருக்கட்டும். தை கடைசியில் மழை விட்டாலும் பேசினை எடுத்துவிட வேண்டாம்.

கடல் மண்ணா, உமியா, கடையில் பூனைத் தட்டுக்கென்று விற்கும் லிட்டர் மண்ணா? (நிந்தவூர்)

காசு இருந்தால் கட்டியாகிற லிட்டர் மண், வாசனை சேர்க்காதது. இல்லாவிட்டால் அரித்துக் காயவைத்த ஆற்று மண் போதும். கடல் மண்ணில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும், இந்தப் பக்கத்துக் காற்றுக்கு அது காயவே காயாது. உமி ஆலையில் சும்மா கிடைக்கிறதுதான், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. சலம் அடியில் தேங்கி நிற்க, பூனை காலை நனைத்துவிட்டு வந்து உங்கள் கதிரையில் ஏறும். எதைப் போட்டாலும் ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும்.

சிறுபோக நெல் 20 மூட்டை ஹோலில் அடுக்கினோம். அன்றிலிருந்து கடுவன் மூட்டைமேல் மூத்திரம் அடிக்கிறான். (சம்மாந்துறை)

ஒப்பரேஷன் செய்ததா என்று எழுதவில்லை, செய்யவில்லை என்றே எடுக்கிறேன். குந்தி நிறையப் போகிறானா, நின்றபடி வாலை நிமிர்த்தி நுனியை நடுக்கிக்கொண்டு பின்பக்கமாகப் பீச்சுகிறானா என்று கவனியுங்கள். பீச்சினால் அது சலம் போவது அல்ல, எல்லை போடுவது. களத்திலும் ஆலையிலும் வேறு பூனை, எலி எல்லாம் ஏறி இறங்கிய சாக்குகள் ஒரே நாளில் அவனுடைய வீட்டுக்குள் வந்து குவிந்திருக்கின்றன, அவன் தன் மணத்தை மேலே பூசுகிறான். ஒப்பரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது கடுவன் இதை விட்டுவிடும், சில கிழமை பொறுக்க வேண்டும். 5, 6 மாதத்திலேயே செய்துவிட்டால் பெரும்பாலும் இந்தப் பழக்கம் தொடங்கவே தொடங்காது. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிப் படங்கு போட்டு மூடுங்கள். நனைந்த நெல்லைப் புறம்பாக வையுங்கள். குந்தி முக்கினால் மேலே அக்கரைப்பற்றுக்காரருக்குச் சொன்னதுதான்: அன்றைக்கே வைத்தியர்.

6 வயதுக் கடுவன், ஒப்பரேஷன் செய்தது. மகள் பிள்ளைப்பேறுக்கு வந்து 3 மாதம். பேரப்பிள்ளையின் உடுப்பிலும் சோபாவிலும் மூத்திரம் பெய்கிறான். மண் பெட்டியை வாசிங் மெஷினுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தும் திருந்தவில்லை. சாக்கில் கட்டி மீன் சந்தையில் விடச் சொல்கிறார்கள். கல்லடிப் பாலம் தாண்டி விட்டால் திரும்பி வராதாமே, உண்மையா? (களுவாஞ்சிக்குடி)

ஐயா, எவ்வளவு தூரம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு மாதமும் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

மீன் சந்தைக்கு ஒரு காலைப்பொழுது போய்ப் பாருங்கள். மீன் வெட்டும் பலகைக்குக் கீழே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பூனை நிற்கும். ஒரு கண் போனது, காது கிழிந்தது, பின்னங்கால் இழுபடுவது. சந்தைப் பூனைகள் புதியதை உள்ளே விடாது. 6 வருடம் உங்கள் வீட்டில் அவித்த மீனும் சோறும் தின்று வளர்ந்தவனுக்குச் சண்டை போடவும் தெரியாது, வாகனத்துக்கு விலகவும் தெரியாது. சாக்கு அவிழ்ந்ததும் கிடைத்த வாகனத்துக்கு அடியில் போய்ப் பதுங்குவான், ஓடினால் அடிபடுவான். பாலம் தாண்டினால் வராது என்கிறீர்கள். வர முயல்வான், அந்தப் பாலத்தின் வழியாகவே. "அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் ஒரு கிழமை கழித்து அங்கே போய்த் தேடிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டில் புது ஆள், புது மணம், இரவில் அழுகை, வந்து போகும் சனம். அதே நேரத்தில் அவனுடைய பெட்டியைத் தூக்கி வாசிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். குழந்தையின் துணி தோய்க்கிற வீட்டில் அந்த மெஷின் நாள் முழுக்க ஓடும். அவன் குந்தும்போது ஒருமுறை அது அதிர்ந்திருந்தால் போதும், பிறகு அந்தப் பக்கம் போகமாட்டான். இப்படிப் பதற்றத்தில் இருக்கும் பூனைக்குச் சலப்பையே அழன்று வலி எடுப்பதும் உண்டு. கிருமி இல்லாமலே வரும் இந்த அழற்சிதான் 10 வயதுக்குக் கீழே உள்ள பூனைகளில் நான் அதிகம் காண்பது. பெட்டியில் போகும்போது வலித்தால் பெட்டிதான் வலிக்கிறது என்று அது நினைக்கும், மெதுவான துணியைத் தேடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சலத்தைப் பரிசோதியுங்கள். பெட்டியைப் பழைய இடத்திலேயே வையுங்கள், இன்னொன்றைச் சத்தமில்லாத அறையில் வையுங்கள். குழந்தையின் துணியை மூடிய கூடையில் போடுங்கள். அவன் ஏறி இருந்து எல்லாவற்றையும் பார்க்க உயரமாக ஓர் இடம் கொடுங்கள். கருவாட்டுத் தலையை நிறுத்தி, உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் போடாமல் அவித்த மீனை அந்தத் தண்ணீரோடு பிசைந்து வையுங்கள், சலம் ஐதாகும். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சாக்கை நெல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகை விரிப்பில் போய்விட்டது. டெட்டோல் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. (ஏறாவூர்)

மார்க்கச் சுத்தத்தை மௌலவியிடம் கேளுங்கள், மணத்துக்கு நான் சொல்கிறேன். டெட்டோல் போல, தண்ணீரில் விட்டால் பால் நிறமாகக் கலங்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. காலில் பட்டு, அதை நக்கி, வாய் புண்ணாகி வரும் பூனைகள் உண்டு. குளோரின் வெளுப்புத் திரவமும் வேண்டாம், சலத்தோடு சேர்ந்தால் கெட்ட ஆவி கிளம்பும். சலத்தில் உள்ள யூரிக் அமிலப் படிகம் சாதாரண சவர்க்காரத்துக்குப் போகாது. காய்ந்ததும் போய்விட்டது போலத் தெரியும், ஈரக்காற்று பட்டதும் திரும்ப மணக்கும், பூனையும் அங்கேயே திரும்பப் போகும். என்சைம் சேர்த்த சலவைத்தூளை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு அலசுங்கள். காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் தடவிக் காற்றாட விடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் தடவிச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

14 வயது. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, தட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடுகிறது. வயதாகிவிட்டது, விட்டுவிடலாமா? (திருக்கோவில்)

விடக்கூடாது. நிறையக் குடித்து நிறையப் போனால் பெரும்பாலும் சிறுநீரக வியாதி அல்லது சீனி வியாதி. இரத்தமும் சலமும் சோதிக்க வேண்டும். தட்டுக்குப் பக்கத்தில் போவது மூட்டு வலியாகவும் இருக்கலாம், விளிம்பில் கால் தூக்கி ஏற முடியாது. பேசினின் ஒரு பக்கத்தை இரண்டு அங்குல உயரம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பை டேப் ஒட்டி மழுங்கச் செய்யுங்கள். வலிக்குப் பனடோல் கொடுக்காதீர்கள்.

நான் 4 மாதக் கர்ப்பிணி. பூனையை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். (செங்கலடி)

தேவையில்லை தங்கச்சி. நீங்கள் பயப்படும் டொக்சோபிளாஸ்மா, அதாவது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி, சலத்தில் வருவதில்லை, மலத்தில்தான் வரும். அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். தட்டைக் கணவர் ஒவ்வொரு நாளும் அள்ளட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம். நீங்களும் இறைச்சியை நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள், வளவு மண்ணைக் கிளறினால் கையுறை போடுங்கள்.

4 பூனை, 1 தட்டு. ஒன்று மட்டும் வெளியே போகிறது. எந்தப் பூனைக்குத் தண்டனை கொடுப்பது? (கல்முனை)

எதற்கும் வேண்டாம். 4 பூனைக்கு 5 தட்டு வேண்டும், அதாவது பூனைக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று. வீடு சின்னது என்றால் குறைந்தது 3 தட்டாவது வையுங்கள். மூன்றையும் வரிசையாக ஒரே சுவரோரம் வைத்தால் அது ஒரு தட்டுக்குச் சமம், வெவ்வேறு மூலையில் வையுங்கள். ஒரு பூனை வாசலில் படுத்து மற்றதை மறிக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். வெளியே போவது கடுவனா பெட்டையா என்று அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள்.