நாளைய வேலைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சமூகத் திட்டம் செய்யவேண்டும். ‘எதிர்கால வேலைச் சந்தைக்கு உள்ளூர் மக்களைத் தயார்படுத்துதல்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அழியப்போகும் வேலைகள், வரப்போகும் வேலைகள், கற்கவேண்டிய திறன்கள் என்று இணையத்தில் தேடி ஒரு விளக்கப்படம் தயாரித்தோம். முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தன் வேலை ‘அழியும்’ வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “இது நிச்சயமாத் தெரியுமா தம்பி? தெரிஞ்சா சொல்லுங்க, இன்னைக்கே விட்டுடறேன்” என்றார். கிண்டலா, பயமா என்று புரியவில்லை. அதற்குமேல் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

எங்களுக்கே இன்னும் வேலை இல்லை. நாங்கள் போய் அவர்களைத் தயார்படுத்துவது அபத்தமாகப் படுகிறது. மாணவர்கள் இதில் உருப்படியாக எதையாவது செய்யமுடியுமா? இல்லை, மதிப்பெண்ணுக்குச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நேர்மையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

‘தெரியாது’ என்பதுதான் அவருக்கான பதில். உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பட்டியல்களைத் தயாரிப்பவர்களுக்கும் தெரியாது. 2013ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரங்களிடம் போகும் அபாயம் அதிகம் என்றார்கள். 2016ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம்தான் என்றது. மூன்றாண்டில் உலகம் தலைகீழாகிவிடவில்லை. முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுதாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. விளக்கப்படங்களில் முதல் எண்தான் அதிகம் வரும். அதுதானே பயமுறுத்துகிறது?

அமெரிக்க வங்கிக் காசாளர்களின் கதை இன்னும் சுவாரசியமானது. ஏடிஎம் பரவியபோது அவர்கள் காலம் முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு கிளைக்குத் தேவையான காசாளர் எண்ணிக்கை குறையத்தான் செய்தது. அதனாலேயே கிளை நடத்தும் செலவும் குறைந்தது, வங்கிகள் மேலும் கிளைகளைத் திறந்தன. பல ஆண்டுகளுக்கு மொத்தக் காசாளர்களின் எண்ணிக்கை விழவேயில்லை. பணம் எண்ணுவது குறைந்து வாடிக்கையாளரிடம் பேசுவது கூடியது. பிறகு செல்பேசியிலேயே வங்கி வந்தது, எண்ணிக்கை சரிந்தது. 1985ல் ‘இந்த வேலை போய்விடும்’ என்று விட்டவரும் ஏமாந்தார், 2005ல் ‘இது போகாது’ என்று நம்பியவரும் ஏமாந்தார். 2016ல் ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். செயற்கை நுண்ணறிவின் முன்னோடி, பின்னர் நோபல் பெற்றவர். அவர் சொன்ன கெடு ஐந்து ஆண்டுகள், ஒருவேளை பத்து. அந்த ஐந்து ஆண்டுகள் கடந்தும் பல நாடுகளில் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடுதான். அவருக்கே தவறியது, மூன்றாம் ஆண்டு மாணவர்களின் விளக்கப்படத்துக்குத் தவறாதா? அதைத் தூக்கிப் போடுங்கள். ஐம்பது வயதுக்காரரிடம் ‘உங்கள் வேலை அழியும்’ என்று படம்போட்டுக் காட்டுவது தகவல் தருவது ஆகாது. அவர் நாளைக்கே அவசரப்பட்டு ஏதாவது முடிவெடுத்தால் அதன் விலையை நீங்கள் கொடுக்கப்போவதில்லை.

அதற்காக எதுவுமே தெரியாது என்று கைவிரிக்கவும் வேண்டாம். மனிதர்களின் வயது தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து எண்பது வயதாகப் போகிறவர்களுக்கு இன்று அறுபது. அவர்களைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் பத்தாண்டுக் கணிப்புகளைப் பாருங்கள். காலியிடங்களில் மிகப் பெரும்பகுதி புதிதாக உருவாகும் வேலைகள் அல்ல, ஓய்வு பெறுபவர்களும் தொழில் மாறுபவர்களும் விட்டுச்செல்லும் இடங்கள். ஆகவே உங்கள் பகுதியில் வேலை கொடுப்பவர்களிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள். போன ஆண்டு ஆள் தேடியும் கிடைக்காத இடம் எது? அடுத்த ஐந்தாண்டில் ஓய்வு பெறப்போகிறவர்கள் எத்தனை பேர், எந்த வேலையில்? எட்டுப் பேர் சில வாரங்கள் நடந்தால் கிடைக்கிற அந்தப் பட்டியல், உங்கள் ஊரைப் பொறுத்தவரை எந்த உலக அறிக்கையையும்விடப் பயன்படும். பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் தாங்களே கணக்கு வைத்திருக்கும். நான்கைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை.

மாணவர்களால் என்ன முடியும் என்ற கேள்விக்கு மரியந்தால் நினைவுக்கு வருகிறது. வியன்னாவுக்கு அருகே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்த ஊர். உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடியது, ஏறத்தாழ ஊர் முழுக்க வேலையிழந்தது. 1931ன் கடைசியில் ஓர் இளைஞர் கூட்டம் அங்கே சமூக ஆய்வுக்குப் போனது. அதை வழிநடத்திய லாசர்ஸ்ஃபெல்டுக்கு முப்பது வயது, உடன் ஆய்வு செய்த மாரி யஹோடாவுக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது. தங்களுக்கு அவர்கள் விதித்துக்கொண்ட நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: யாரும் வெறும் பார்வையாளராக ஊருக்குள் போகக்கூடாது, ஊருக்கு ஏதாவது ஒரு வகையில் உபயோகமாக இருக்கவேண்டும். துணி சேகரித்துக் கொடுத்தார்கள். மருத்துவ ஆலோசனை ஏற்பாடு செய்தார்கள். துணி வெட்டும் அளவுப்படம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிப் போனதால்தான் வீட்டுக்குள் உட்கார்ந்து பேச முடிந்தது, கேள்வித்தாளில் சிக்காத விஷயங்கள் கிடைத்தன. நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடைகூட வேகமிழந்திருந்தது, அதைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். சம்பளத்துக்கு அப்பாலும் வேலை மனிதருக்குப் பலவற்றைக் கொடுக்கிறது என்று யஹோடா பிற்காலத்தில் எழுதியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அவர்களால் ஊருக்கு வேலை வாங்கித்தர முடியவில்லை, உண்மைதான். முடியும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.

உங்களிடம் என்ன இருக்கிறது? வேலை இல்லை, அனுபவம் இல்லை, பணம் இல்லை. எழுத வரும். படிவம் வாசிக்க வரும். ஓர் அலுவலகத்துக்குள் தயங்காமல் நுழைய வரும். இவை உங்களுக்குச் சாதாரணம், பலருக்கு இதுதான் மதில். முப்பது ஆண்டு உழைத்தவரிடம் “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டால் “பெருசா ஒண்ணும் தெரியாது” என்பார். “காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? புதிதாக வருபவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?” என்று கேளுங்கள், பக்கம் பக்கமாக வரும். பழுது பார்க்கிறார், சரக்கிருப்பு கணக்கு வைக்கிறார், இரண்டு பேர் சண்டையைத் தீர்க்கிறார், மூன்று பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருக்கிறார். இவற்றில் ஒன்றுக்கும் சான்றிதழ் கிடையாது. தொழில் முழுதாக அழிந்தாலும் இந்தத் திறன்களில் பாதி வேறொரு தொழிலில் செல்லுபடியாகும். எதில் என்று தேடுவது உங்கள் வேலை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு, 2008ம் ஆண்டுப் பதிப்பில், 436 தொழில் பிரிவுகளை வரையறுத்து ஒவ்வொன்றிலும் என்னென்ன செய்கிறார்கள் என்று விவரிக்கிறது. சலிப்பூட்டும் ஆவணம்தான், ஆனால் இதற்கு உதவும்.

அனுபவத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது. பிரான்சில் 2002ல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். வகுப்பில் உட்காராமல், செய்த வேலையை வைத்தே முழுத் தகுதியும் பெறலாம். ஆனால் தான் செய்த வேலையை விவரித்து நீண்ட கோப்பு ஒன்றை எழுதித் தரவேண்டும். கையால் எல்லாம் செய்யத் தெரிந்தவர் காகிதத்தின் முன் திகைத்து நிற்கிற இடம் அது. உங்கள் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் உங்கள் திட்டம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பதினைந்து பேருக்குக் கோப்பு எழுத உதவுங்கள், போதும். இல்லாவிட்டால் நல்ல தன்விவரக் குறிப்பாவது எழுதிக்கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும், அவர் ‘ஆமாம்’ என்ற பிறகே முடிக்கவேண்டும். காகிதம் அவருடையது. அவர் சம்மதமில்லாமல் உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையின் பின்னிணைப்பில் அது வரக்கூடாது.

மதிப்பெண் வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ‘அறிவியல் கடைகள்’ என்று ஓர் ஏற்பாடு தோன்றியது. காசு கொடுத்து ஆய்வு செய்ய வசதியில்லாத குடியிருப்போர் குழுக்களும் தொழிலாளர் அமைப்புகளும் கேள்வியோடு வருவார்கள். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் அதைப் பாடத்தின் பகுதியாக ஆராய்ந்து பதில் சொல்வார்கள். மாணவருக்கு மதிப்பெண், கேட்டவருக்குப் பதில். அங்கே கேள்வி வெளியிலிருந்து வந்தது. உங்கள் திட்டத்தில் கேள்வியையும் பதிலையும் நீங்களே கொண்டுபோனீர்கள், அதுதான் கோளாறு. அடுத்த கூட்டத்தில் படம் எதுவும் இல்லாமல் போய் உட்காருங்கள். ‘வேலை தொடர்பாக உங்களுக்கு இப்போது என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?’ என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்காமல் போகலாம். பேருந்து நேரம், குழந்தையை யாரிடம் விடுவது, பயிற்சிக்குப் போகிற மாதங்களில் வருமானத்துக்கு என்ன வழி என்று கேட்பார்கள். தலைப்பிலிருந்து விலகிவிட்டதாக உங்கள் ஆசிரியர் சொன்னால், ஆட்கள் பயிற்சிக்கு வராமல் போவதற்கு இவையே காரணம் என்று தயங்காமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு பருவத்தில் இது முடியாது. பாதிக் கோப்புகள் பாதியில் நிற்கும்போது உங்களுக்குத் தேர்வு வந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரை இப்போதே சேர்த்துக்கொண்டு, வீடுவீடாகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். அடுத்த பருவத்தில் யார் வருவார்கள், எந்தத் தொலைபேசி எண்ணில் கிடைப்பார்கள் என்பதை ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதிவையுங்கள்.