எட்டுத் தவறு இல்லை, மூன்றுதான்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு, தமிழ்வழி. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டிக் கூட்டி, பாதியிலேயே நிறுத்திவிடுகிறான். சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு. டியூஷனில் தப்பான ஒவ்வொரு சொல்லையும் இருபது தடவை எழுத வைக்கிறார்கள். கண்ணைப் பரிசோதித்தோம், பார்வையில் குறை இல்லை. இப்போது வகுப்பில் அவன் வாசிக்க வேண்டிய முறை வந்தால், ஒன்றுக்குப் போகணும் என்று எழுந்து போய்விடுகிறானாம். "எனக்குப் படிப்பு வராதும்மா, நானும் அப்பாவோட வெள்ளிப் பட்டறைக்கே போறேன்" என்கிறான். மாமியாரோ, "அவங்கப்பனும் இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார். இது சோம்பேறித்தனமா, வேறு ஏதாவதா? இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாமா? அவன் நோட்டிலிருந்து ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறேன்.
ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைவிட அந்த நோட்டுப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துச் சொல், எட்டின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. 'நிலா', 'மாடு' இரண்டும் தப்பித்திருக்கின்றன. சரி, அந்த எட்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கொலுசை 'கோலுசு' என்றும், தெருவை 'தேரு' என்றும், பொன்னை 'போன்' என்றும் எழுதியிருக்கிறான். மூன்றிலும் ஒரே சிக்கல்தான்: ஒற்றைக் கொம்பு வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு. பள்ளி 'பளி' ஆகியிருக்கிறது, கண்ணாடி 'கணாடி', தக்காளி 'தகாளி'. இவற்றில் ஒற்று விழுந்துவிட்டது. மறதியை 'மரதி' என்றும், சிறகை 'சிரகு' என்றும் எழுதியிருக்கிறான். அதாவது எட்டுத் தவறு இல்லை, மூன்றே தவறு. அவையே திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. பத்துக்கு இரண்டு என்று கேட்கும் பிள்ளைக்குத் தனக்கு எதுவுமே தெரியாது என்று தோன்றும். கத்துக்க வேண்டியது மூணே விஷயம்தான் என்று சொன்னால் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கோலுசு' என்பதில் லு, சு இரண்டும் சரி. முதல் எழுத்திலும் க சரி, துணைக்கால் சரி. கொம்பில் ஒரு சுழி கூடிவிட்டது, அவ்வளவுதான். அதற்குச் சொல் முழுவதற்கும் ஒரு பெருக்கல் குறி!

இருபது தடவை எழுத வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையனைப் 'பள்ளிக்கூடம்' என்று ஐம்பது தடவை எழுத வைத்தேன். முதல் ஐந்து சரி. ஆறாவதில் 'க்' விழுந்தது. மீதி நாற்பத்து நான்கையும் மேலே இருந்த தப்பைப் பார்த்தே எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். தப்பை நாற்பத்து ஐந்து முறை பழக்கிவிட்ட பெருமை எனக்கு.

இது சோம்பேறித்தனம் இல்லை. கேட்டதை வரி விடாமல் சொல்கிற பிள்ளைக்கு மூளையிலும் குறை இல்லை. சில குழந்தைகளுக்குச் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதும், அவற்றை எழுத்தோடு இணைப்பதும் சிரமமாக இருக்கும். இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறார்கள். இது குடும்ப வழியாகவும் வருவதுண்டு. உங்கள் மாமியார் தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகனுக்கும் இதுதானா என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, முறையாகச் சோதித்துத்தான் தெரியும். ஆனால் ஒன்று, இதற்கு மாத்திரையோ ஞாபகசக்தி டானிக்கோ கிடையாது. விற்கிறவர்கள் இருப்பார்கள், வாங்காதீர்கள்.

நம் எழுத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது க். எழுதும்போது முதலில் வருவதோ கொம்பு. 'கொ' என்றால் எழுத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். நமக்குப் பழகிவிட்டதால் உறைப்பதில்லை. ஒலியைப் பிடிக்கவே திணறும் பிள்ளைக்கு இது எத்தனை குழப்பம்! வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்யுங்கள். ஒன்றில் க, ஒன்றில் ஒற்றைக் கொம்பு, ஒன்றில் இரட்டைக் கொம்பு, ஒன்றில் கால். 'கொ' என்று குறுக்கிச் சொல்லி ஒரு சுழி, 'கோ' என்று இழுத்துச் சொல்லி இரண்டு சுழி. வாயும் கையும் சேர்ந்து வேலை செய்யட்டும். ஒரு வாரம் இது மட்டும் போதும்.

ஒற்றுக்குக் கை தட்டலாம். 'தக்காளி'க்குத் த என்று ஒரு தட்டு, க் வரும்போது கையை மூடிக்கொள்ள வேண்டும், அப்புறம் கா, ளி. கை மூடிய இடத்தில் புள்ளி வைத்த எழுத்து. எழுதுவதற்குத் தாம்பாளத்தில் ஜவ்வரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், நம்ம ஊரில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? தப்பு வந்தால் தாம்பாளத்தை ஒரு ஆட்டு ஆட்டினால் போச்சு. அழித்த தடம்கூட இருக்காது. ர, ற சண்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் நாமே இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம், அவன் மட்டும் என்ன செய்வான்?

பத்து நிமிடம் போதும். அவன் அருகில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்தே வாசியுங்கள். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். "நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்" என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம்.

தன்னம்பிக்கை வருவதற்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது என் தங்கை பேரன் கதை. அவனும் இதே ரகம்தான். ஒரு முறை அவனோடு ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனோம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் 'கொண்டை ஊசி வளைவு' என்று எண்ணோடு எழுதிய பலகை. முதல் மூன்றிலும் தடுமாறினான், யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழாவதில் பலகை தெரிவதற்கு முன்பே "கொண்டை ஊசி வளைவு" என்று கத்தினான். மனப்பாடம்தானே என்பீர்கள். ஆமாம், மனப்பாடம்தான். மேலே இறங்கியதும் ஒரு கடையில் 'கொண்டைக்கடலை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நின்றான். "இதுலயும் கொண்டை இருக்கு பாட்டி!" என்றான். அது மனப்பாடம் இல்லை. 'சபாஷ்' என்று நாங்கள் நூறு முறை சொல்லியிருந்தாலும் அந்த முகம் வந்திருக்காது.

இங்கிலீஷ் மீடியம் வேண்டாம். இந்தச் சிரமம் மொழி மாறினால் போகாது. தமிழில் எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அங்கே 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். 'பட்', 'புட்' இரண்டுக்கும் நடுவில் ஒரே 'யு'.

அடுத்து, வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லார் முன்பும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாசிக்க வேண்டிய நாலு வரியை முதல் நாளே குறித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்குப் போவது தானாக நிற்கும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பற்றி அவரிடமே விசாரியுங்கள். காதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. அதற்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, இப்போதே கவலைப்பட வேண்டாம்.

அவன் அப்பாவிடம் ஒரு வேலை கொடுங்கள். "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு, வாசிக்கச் சொன்னா வயித்தைக் கலக்கும்" என்று ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொல்லச் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். பட்டறைக்குப் போகிறேன் என்று அவன் சொல்வதையும் இழிவாகப் பேசாதீர்கள், அது அவன் அப்பா தொழில்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி, சாமான் சீட்டைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். சீட்டை எழுதுவது நீங்கள். நாலு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். முதல் சொல் தக்காளி.