ஊருக்கு என்ன வந்தது?

கேள்வி: சென்ற இதழில், அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்தில் 2007, 2008 வாக்கில் வீடு பறிபோனவர்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தீர்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கினார்கள், கட்டவில்லை, வங்கி ஜப்தி செய்தது. இது கடன் வாங்கியவனுக்கும் வங்கிக்கும் உள்ள கணக்கு. இதில் ஊருக்கு என்ன வந்தது? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: ஊருக்கு வருகிறேன். முதலில் அந்தக் கையெழுத்து விஷயத்தை முடித்துவிடலாம்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள், வாஸ்தவம். வருமானத்தைக் கூட்டிச் சொன்னவர்கள், ஆறே மாதத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று நாலைந்து வீடு வாங்கிப் போட்டவர்கள், எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சப்பிரைம் கடன்களில், அதாவது திருப்பிக் கட்டும் தகுதி குறைவு என்று கருதப்பட்டவர்களுக்குக் கூடுதல் வட்டியில் கொடுத்த கடன்களில், பாதிக்கு மேல் புதிதாக வீடு வாங்கக் கொடுத்தவை அல்ல, ஏற்கெனவே குடியிருந்த சொந்த வீட்டின் மேல் கொடுத்த மறுகடன். கூரை ஒழுகுகிறது, ஆஸ்பத்திரி பில் பாக்கி நிற்கிறது என்று கஷ்டத்தில் இருக்கும் வீட்டைத் தேடி புரோக்கர் வருவார். முதல் 2 வருஷம் தவணை கைக்கு அடக்கமாக இருக்கும், மூன்றாம் வருஷம் வட்டி மாறி எகிறும். குறைந்த வட்டிக்குத் தகுதி இருக்கிற ஆளைக் கூடுதல் வட்டிக்குத் தள்ளிவிட்டால் புரோக்கருக்குக் கூடுதல் கமிஷன். இதற்குத் தடை போட்ட சட்டமே 2010ல்தான் வந்தது. கறுப்பினத்தவர்களையும் லத்தீன் வம்சாவளியினரையும் இப்படித் தள்ளிவிட்டதாக அரசு தொடுத்த வழக்கை வெல்ஸ் ஃபார்கோ வங்கி, தப்பை ஒப்புக்கொள்ளாமலே, 2012ல் 17.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

சரி, வங்கிகள் போட்ட கையெழுத்தையும் பார்ப்போமே. 2007 அக்டோபரில் கிளீவ்லண்டின் மத்திய நீதிபதி கிறிஸ்டோபர் பாய்கோ, டாய்ச்சு வங்கி போட்ட 14 ஜப்தி வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். காரணம், வழக்குப் போட்ட நாளில் அந்தக் கடன் பத்திரங்கள் தன்னுடையவைதான் என்று காட்ட வங்கியிடம் காகிதம் இல்லை. கடனைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பங்குபோட்டு விற்று, அது கைமாறி, மறுபடி கைமாறி, கடைசியில் யாருடைய கடன் என்பதே குழம்பிப்போன கதை அது. அப்புறம் 2010ல் இன்னொன்று வெளியே வந்தது. 'கணக்கை நான் நேரில் சரிபார்த்தேன்' என்று சத்தியம் செய்து நீதிமன்றத்தில் கொடுத்த பிரமாணப் பத்திரங்களில், கணக்கை எடுத்தே பார்க்காமல் வங்கி ஊழியர்கள் மலைமலையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். 5 பெரிய நிறுவனங்கள் 2012ல் 49 மாநிலங்களோடு 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அதிலிருந்து வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு வந்த காசோலை ஆளுக்குச் சுமார் 1,480 டாலர். படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குத் தண்டனை வீடு போவதுதான் என்றால், இரண்டு பக்கத்துக்கும் அதுதானே சட்டம்?

இப்போது ஊர். கிளீவ்லண்டின் தெற்கே ஸ்லாவிக் வில்லேஜ் என்று ஒரு பகுதி. இரும்பாலை வேலைக்கு வந்த போலந்துக்காரர்களும் செக் நாட்டவரும் வளர்த்தெடுத்தது, நெருக்கமான மர வீடுகள். 2007ல் ஜப்தி எண்ணிக்கையில் நாட்டின் முதல் வரிசையில் இதன் பின்கோடு இருந்தது. வீடு காலி என்று தெரிந்த உடனே ஆள் வருவார்கள். முதலில் செம்புக் குழாய், அப்புறம் சமையலறைத் தொட்டி, கடைசியில் வெளிச்சுவரில் அடித்திருக்கும் அலுமினியத் தகடு, எல்லாம் பழைய உலோகக் கடைக்குப் போகும். குழாயைப் பிடுங்கின இடத்தில் தண்ணீர் கொட்டி அடித்தளம் நிரம்பும். மேல் தகடு போன மரச்சுவர் ஒரு குளிர்காலம் நனைந்தால் போதும், மறுபடி குடியேற முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிக்கொண்டிருப்பவர், இந்த இருட்டு வீட்டை ஒட்டித்தான் தினமும் படுத்து எழ வேண்டும். அவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

மாசசூசெட்ஸ் மாநில வீட்டு விற்பனைகளை அலசிய ஓர் ஆய்வு, ஒரு ஜப்தி வீட்டிலிருந்து சுமார் 80 மீட்டரில் இருக்கும் வீட்டின் விலை 1 சதவீதம் குறைகிறது என்றது. 1 சதவீதம்தானே என்று விடலாம், தெருவில் ஒரே ஒரு வீடு என்றால். வீட்டு விலை விழுந்தால் வீட்டு வரி விழும், அந்த வரியில் ஓடும் பள்ளிக்கூடம் அடிவாங்கும். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வேறு மாதிரி வந்தது. கைவிட்ட வீடுகளின் நீச்சல் குளங்களில் பாசி படிந்து கொசு பெருகி, 2007 கோடையில் வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 சதவீதம் கூடியது. அந்தக் கொசு யார் தவணை பாக்கி வைத்தவர் என்று விசாரித்துக் கடிக்கவில்லை.

வங்கி வீட்டை எடுத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பல இடங்களில் அதுகூட நடக்கவில்லை என்பதுதான் கொடுமை. நோட்டீஸ் வரும், குடும்பம் பயந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் வங்கி கணக்குப் போட்டுப் பார்க்கும்: ஏலம் விட்டு நம் பெயருக்கு வந்தால் வரி, பராமரிப்பு, அபராதம் எல்லாம் நம் தலையில். வழக்கை அப்படியே போட்டுவிடும். ஒரு வருஷம் கழித்து, வேறு ஊரில் வாடகைக்கு இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு நகராட்சியிலிருந்து ஓலை வரும், உங்கள் வீட்டில் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, அபராதம் கட்டுங்கள் என்று. பத்திரத்தில் பெயர் இன்னும் மாறவில்லையே.

கிளீவ்லண்டின் வீட்டு வழக்கு நீதிபதி ரேமண்ட் பியாங்கா இதில் விடாக்கண்டராக இருந்தார். பாழாக விட்ட வீடுகளுக்காகச் சம்மன் அனுப்பியும் வராத நிறுவனங்களை, ஆள் இல்லாமலே விசாரித்து அபராதம் போட்டார். 2010ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம், ஆஜராகாத நிறுவனத்தை அப்படி விசாரித்துத் தண்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதாவது, வராமல் இருப்பதே நல்ல உபாயம் ஆகிவிட்டது. நகராட்சியே 2008 ஜனவரியில் 21 நிதி நிறுவனங்கள் மேல், பொதுத் தொல்லை உண்டாக்கினீர்கள் என்று வழக்குப் போட்டது. அதுவும் நிற்கவில்லை, கடன் கொடுத்ததற்கும் தெரு பாழானதற்கும் தொடர்பு ரொம்பத் தூரம் என்று மேல்முறையீட்டிலும் தோற்றது.

கடைசியில் 2009ல், கிளீவ்லண்ட் அடங்கிய குயஹோகா மாவட்டம் நில வங்கி என்ற பொது அமைப்பைத் தொடங்கி, இந்த வீடுகளை வாங்கி ஆயிரக்கணக்கில் இடித்துத் தள்ள ஆரம்பித்தது. ஃபேனி மே என்ற பிரம்மாண்டமான வீட்டுக்கடன் நிறுவனம், தன் கைக்கு வந்த மோசமான வீடுகளை ஒரு டாலருக்குக் கொடுத்து, இடிக்கும் செலவுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தது. மீதிச் செலவு பொதுப் பணம். தவணையை ஒழுங்காகக் கட்டிவந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய வரியும் அதில் சேர்த்தி.