நாஸ் பெட்டியில் டிஸ்க் போய்விட்டதா? கேளுங்கள், சொல்கிறேன்

ஏப்ரலில் பின்னேர இடி மழை தொடங்கினால் என் மேசையிலும் பெட்டிகள் சேரத் தொடங்கிவிடும். போன கிழமை மட்டும் மூன்று நாஸ், அதாவது பல டிஸ்க்கைச் சேர்த்துப் போட்டு நெட்வொர்க்கில் கோப்பு வைக்கும் பெட்டி. ஹட்டனில் பல வருஷமாக, கெட்ட டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கும் இந்த வேலைதான் செய்கிறேன். ஆளாளுக்குப் போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோரும் இங்கேயே கேளுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே பதில்.

தலவாக்கலை, கல்யாண ஸ்டூடியோ: அண்ணே, நாலு டிஸ்க் பெட்டி, ரெய்டு 5, ஒவ்வொன்றும் 4 டிபி. இரண்டாவதில் சிவப்பு லைட். புது டிஸ்க் வாங்கிவிட்டேன். இப்பவே மாற்றிப் போடவா?

பொறுங்கள், புது டிஸ்க் பையிலேயே இருக்கட்டும். ரெய்டு 5 என்பது டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் முறை. ஒன்று போனால் மற்ற மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு, போனதைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதும் (அதுதான் ரீபில்ட்), அது உண்மைதான். ஆனால் அதற்கு மீதி மூன்றையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு இடம் விடாமல் வாசித்தாக வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினாலும் 4 டிபிக்கு ஏழரை மணித்தியாலம், நடுவில் நீங்கள் ஆல்பம் வேலையும் பார்த்தால் ஒரு நாள் தாண்டும். நாலையும் ஒரே நாளில் ஒரே கடையில்தானே வாங்கியிருப்பீர்கள்? செத்தது எந்த வயதோ மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான். சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளைப் பாருங்கள், ஒரு கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு பிட் வாசித்தால் ஒன்று வாசிக்காமல் போகலாம் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். அது 12.5 டிபி, உங்கள் மூன்று டிஸ்க்கும் சேர்ந்து 12. நடைமுறையில் இவ்வளவு மோசம் இல்லை, பிழையே இல்லாமல் முடிந்த ரீபில்ட் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஊரார் கல்யாணத்தை வைத்துச் சீட்டாட வேண்டாம். பெட்டியில் கோப்புகள் இப்போதும் திறக்கின்றனவா? அப்படியானால் இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களை முதலில் வெளி டிஸ்க்குக்கு இழுங்கள், பழையது பிறகு. அப்புறம் மற்ற மூன்றின் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் கணக்கு) பாருங்கள். ரீபில்ட் கடைசியில்தான்.

பதுளை: ரீபில்ட் பாதியில் இன்னொரு டிஸ்க்கும் விழுந்துவிட்டால் கதை முடிந்ததா?

முடியவில்லை. எனக்கே நடந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்த பெட்டியில் நகல் எடுக்காமலே புது டிஸ்க்கைச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் 63 சதவீதத்தில் நிற்கிறது, நாலாவதும் வெளியே. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் வேறு எதையும் அமுக்காமல் பெட்டியை அணைத்தது.

அதன் பிறகு டிஸ்க்குகளின் முதுகில் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதி, கழற்றி, ஒவ்வொன்றாகச் சாதாரணக் கம்பியூட்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற நிரலை வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே படி எடுத்தேன். அது சுலபமாக வாசிக்கிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கிற இடத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும், எங்கே நின்றது என்று ஒரு மேப் கோப்பில் எழுதிவைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் கோப்பைக் கொடுக்காமல் ஓட்டினால் பாதிப் பயன் போச்சு. முதல் சுற்றில் மைனஸ் என் (-n) போட்டு ஓட்டுங்கள், நோயாளி டிஸ்க்கைச் சுரண்டாது. நாலாவதுக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் 4 டிபியில் 212 கேபி மட்டும் வரவில்லை.

பிறகு லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம்மில் எக்ஸாமின் கட்டளை போட்டு ஒவ்வொரு படியிலும் ஈவன்ட்ஸ் எண்ணை (ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் கூடும் எண்) பார்த்தேன். ஒன்றிலும் மூன்றிலும் 48213, நாலாவதில் 48190, முதலில் செத்த பழைய இரண்டாவதில் 31002. எண் கிட்ட இருப்பவைதான் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. பழையதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் அசெம்பிள் ஃபோர்ஸ் கட்டளை போட்டுச் சேர்த்தால் ரெய்டு திறந்தது. அதுவும் வாசிக்க மட்டும் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். இணையத்தில் சில பேர் கிரியேட் (ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கட்டளை) போடு என்பார்கள். டிஸ்க் வரிசை அல்லது தரவை வெட்டி வைக்கும் துண்டின் அளவு கொஞ்சம் மாறினாலும் அது உங்கள் தரவின் மேலேயே எழுதிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்த 212 கேபி எங்கே விழுந்தது தெரியுமா? ஒரு வீடியோவில், பந்தியில் சோறு போடுகிறவரின் முகத்தில் அரை நொடிக்குப் பச்சைக் கட்டம். கல்யாண வீட்டுக்காரர்கள் இன்றுவரை கவனிக்கவில்லை.

பண்டாரவளை, ஆசிரியை: எனது வெளி டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார்களே?

வேண்டாம் மிஸ். வாசிக்கிற தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. குளிரிலிருந்து எடுத்ததும் உள்ளே பனி பூக்கும், அதற்கு மேல் தலை ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிக் டிக் என்றால் பெரும்பாலும் தலைதான் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், அதனால் கழற்றி வைத்துவிடுங்கள், இன்னொரு தடவை பார்ப்போமே என்றும் மாட்ட வேண்டாம். இது என் வேலையும் இல்லை. தூசு இல்லாத அறையில் திறந்து தலை மாற்றுகிற இடத்துக்குத்தான் போக வேண்டும், கொழும்புக்கு இறங்க வேண்டியிருக்கும், செலவும் கனமாக வரும். உள்ளே இருப்பது வினாத்தாள்தான் என்றால் இரண்டு கிழமை உட்கார்ந்து திரும்ப டைப் செய்வது மலிவு. பிள்ளைகளின் படம் என்றால் அது வேறு கணக்கு.

நுவரெலியா: இவ்வளவு உயரத்தில் டிஸ்க் சீக்கிரம் கெட்டுப்போகுமா சேர்?

நல்ல கேள்வி. தலையைத் தூக்கி நிறுத்துவதே காற்றுதான், காற்று மெலிந்தால் தலை தாழும். ஆனால் தயாரிப்பாளர்கள் சாதாரணமாகச் சுமார் 3,000 மீட்டர் வரை சரி என்கிறார்கள், நுவரெலியா 1,868 தான். உயரத்தை விட்டுவிட்டு ஈரத்தைப் பாருங்கள். ஜன்னலோரம், மூடுபனி உள்ளே வரும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். டிஸ்க்கின் மூடியில் இருக்கும் சின்னத் துளை காற்று வாங்கத்தான், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

மஸ்கெலியா: இடி விழுந்த பிறகு பெட்டி ஓன் ஆகவே இல்லை அண்ணா. அதே மாடல் டிஸ்க்கின் சர்க்கிட் போர்டைக் கழற்றி மாட்டினால் சரிவருமா?

தம்பி, போர்டில் கை வைக்கும் முன் அடாப்டரை மீட்டரில் பார்த்தாயா? 12 வோல்ட் வராவிட்டால் வேறு அடாப்டர் போதும், நான் பார்த்ததில் பாதி அதுதான். பெட்டியே செத்திருந்தாலும் டிஸ்க் உயிரோடு இருக்கலாம். சினாலஜி, க்யூநாப் கம்பெனி நாஸ்களில் பெரும்பாலும் உள்ளே லினக்ஸ் ரெய்டுதான், உபுண்டு லினக்ஸ் போட்ட கம்பியூட்டரில் மாட்டிப் பெரும்பாலும் படிக்கலாம். விண்டோஸில் மாட்டிவிட்டு, அது இனிஷியலைஸ் பண்ணவா, ஃபார்மட் பண்ணவா என்று கேட்டதும் ஓகே அமுக்கியவர்கள்தான் என்னிடம் அழுதுகொண்டு வருகிறார்கள். போர்டு மாற்றுவது பழைய காலத்துக் கதை. இப்போதைய போர்டில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ஒரு சிப்பில் இருக்கும், அதையும் கழற்றிப் புதியதில் ஒட்டாவிட்டால் ஓடாது.

அப்புத்தளை: தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டேன். ரெய்டு 1 தானே, மற்ற டிஸ்க்கில் இருக்காதா?

இருக்காது. கண்ணாடி மாதிரி, இங்கே அழித்த அதே நொடி அங்கேயும் அழிந்தது. பெட்டியில் ரீசைக்கிள் ஃபோல்டரோ ஸ்னாப்ஷாட்டோ (முன்பு இருந்த நிலையின் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதிதாக எதையும் எழுதாமல் அணைத்துவிட்டு டிஸ்க்கைக் கொண்டுவாருங்கள். ஃபோட்டோரெக் என்ற நிரல் படங்களைத் தோண்டி எடுக்கும், பெயர்கள் மட்டும் வராது.

டிக்கோயா: ஸ்மார்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

5 (கெட்டதால் மாற்றிய இடங்கள்), 197 (வாசிக்கத் தடுமாறும் இடங்கள்), 198 (வாசிக்கவே முடியாதவை). மூன்றிலும் கடைசி நிரலில் 0 இருக்க வேண்டும். 199 ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க் நல்லதாகத்தான் இருக்கும்.

தலவாக்கலை, மறுபடியும்: அண்ணே, கொடுக்காத ஆறு கல்யாணமும் வெளியே வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது டிஸ்க்கில் 197 பக்கம் 16 என்று காட்டுகிறது.

அப்படியானால் ரீபில்ட் இன்றைக்கு இல்லை. வாசிக்க முடியாத பதினாறு இடம் மூன்றாவதில் இருக்கிறது. பெட்டியை அணையுங்கள். நீங்கள் வாங்கிய புது டிஸ்க் இப்போது இரண்டாவதுக்கு அல்ல, மூன்றாவதின் படிக்கு. டிடிரெஸ்கியூ முடிந்ததும் பழைய மூன்றாவதை வெளியே வைத்துவிட்டுப் படியை அந்த இடத்தில் போடுங்கள், பெட்டி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவதுக்கு இன்னொன்று வாங்குவோம். கழற்றும் முன் முதுகில் எண் எழுதிவிட்டீர்களா?