ஏழாவது அணை

அன்புள்ள ஐயா,

கேரளத்தில் சாலக்குடி ஆற்றின் அருவி இருக்கும் அதிரப்பள்ளியில் அணை வராமல் தடுத்தவர்களைப் பாராட்டி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். சென்ற மாதம் குடும்பத்தோடு வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக வேனில் அங்கே போயிருந்தோம். வாழச்சாலில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர் ஆற்றைக் காட்டி, “இதற்குச் சற்று மேலேதான் அணை கட்டுவதாக இருந்தார்கள். நாங்கள் விடவில்லை” என்றார். என் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நம் பக்கமும் இப்படி நான்கு பேர் கிளம்பியிருந்தால் இன்றைக்கும் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டிக்கொண்டுதான் இருந்திருப்போம்” என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனக்காரர்கள், அதிலும் கடைமடை. தாத்தா காலத்தில் சோளமும் கம்பும்தான். வாய்க்கால் வந்த பிறகுதான் தென்னை. தென்னை வந்த பிறகுதான் என் கல்லூரிப் படிப்பு. அணையை எதிர்ப்பவர்களைப் பாராட்டும் நீங்கள் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? மலையிலிருந்து இன்னும் தண்ணீர் கொண்டுவரும் ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தைக் கேட்டு எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் நடத்தப்போகிறோம். அதற்கு வருவீர்களா என்றும் கேட்கச் சொன்னார் மாமா. கிண்டலாகத்தான்.

ச., உடுமலைப்பேட்டை

அன்புள்ள ச.,

கிண்டலாகக் கேட்டாலும் மாமாவின் கேள்வி நியாயமானது. அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். என் அம்மாவின் ஊரும் அந்த வாய்க்காலின் கரையில்தான் இருக்கிறது. தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் பிள்ளைகளெல்லாம் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நிற்போம். முதலில் சருகும் நுரையும் வரும், அதன் பின்னால் செந்நிறத்தில் ஒரு நாக்கு. அதற்கு முன்னால் ஓடுவதுதான் விளையாட்டு. பெரியவர்கள் கரையில் கற்பூரம் ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அன்று யாரும் சொல்லவில்லை. ‘மலையிலிருந்து’ என்றார்கள். எந்த மலை, யாருடைய மலை என்பது எனக்குத் தெரிய முப்பது வயதாயிற்று. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள எல்லைக்குள் இருக்கின்றன, இயக்குவது தமிழ்நாடு. மேல் சோலையாறு நம் பக்கம். இந்த நீரெல்லாம் இயல்பாக மேற்கே சாலக்குடி ஆற்றுக்குப் போகவேண்டியது. 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும் ஒப்பந்தம் ஒன்றின்படி நாம் அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பிக்கொள்கிறோம். கேரளம் தன் பங்குக்குச் சோலையாற்றிலும் பெரிங்கல்குத்திலும் அணை கட்டியிருக்கிறது. ஆக, நூற்றைம்பது கிலோமீட்டர்கூட நீளமில்லாத ஓர் ஆற்றுப்படுகையில் ஆறு அணைகள். கீழே தும்பூர்முழியில் பாசனத்துக்கு ஒரு தடுப்பணை வேறு.

டீக்கடைக்காரர் காட்டிய இடத்தில் வரவிருந்தது ஏழாவது. உங்கள் மாமா அதை முதல் அணை என்று நினைத்துக்கொண்டு கோபப்படுகிறார். ஆறு அணைகளோடு வாழப் பழகிய மக்கள் ஏழாவதை மட்டும் ஏன் மறித்தார்கள் என்று கேட்டிருந்தால், வேனில் திரும்பி வரும் வழியில் வேறு பேச்சு நடந்திருக்கும்.

அந்தத் திட்டம் 163 மெகாவாட் மின்சாரத்துக்கானது, பாசனத்துக்கு அல்ல. மாலையில் ஊரே விளக்கும் மின்விசிறியும் போடும் சில மணி நேரத்துக்கு மின்சாரம் எடுக்க நீரைப் பகலெல்லாம் தேக்கி வைக்கவேண்டும். அப்படியானால் கீழே ஆறு பெரும்பாலான நேரம் மெலிந்தும் சில மணி நேரம் பெருகியும் ஓடும். தும்பூர்முழி வாய்க்காலை நம்பியிருப்பவர்களும் உங்களைப் போன்ற பாசனக்காரர்கள்தாம். அதற்கும் கீழே, கடலுக்கு அருகில், ஆற்றில் நீர் குறைந்தால் உப்பு மேலேறி வரும், கிணறு கெடும். அணையை எதிர்த்தவர்களில் பெரும்பகுதி இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள். அருவியின் அழகைக் காப்பாற்ற வந்த கவிஞர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அணையை எதிர்த்தவர்களில் முக்கியமானவரான லதா அனந்தாவைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கவேண்டும். அரசு வேளாண் அலுவலராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஆற்றைப் படிக்க வந்தார். சாலக்குடி ஆற்றுப் பாதுகாப்புச் சமிதியில் அவரும் நண்பர்களும் செய்தது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. சூழல் தாக்க அறிக்கைகளை வரி வரியாகப் படித்தார்கள், நீர்வரத்துப் புள்ளிவிவரங்களைத் திரட்டினார்கள், திட்டம் சொல்லும் அளவு தண்ணீர் ஆற்றில் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2001இல் கேரள உயர் நீதிமன்றம் சட்டப்படி பொது விசாரணை நடத்தச் சொன்னது. 2006இல் மறுபடி அனுமதியை ரத்து செய்தது. 2007இல் மூன்றாம் முறையாக அனுமதி வந்தது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலைகள் பற்றிய காட்கில் குழு இந்தத் திட்டம் வேண்டாம் என்றது. 2017இல் லதா புற்றுநோயால் இறந்தார். 2020இல் மாநில அரசு ஒரு தடையில்லாச் சான்று கொடுத்தது. ஆனாலும் அணை வரவில்லை. ‘விடவில்லை’ என்று டீக்கடைக்காரர் ஒரு சொல்லில் சொன்னதற்குள் இருபது ஆண்டுக் கோப்புகள் கிடக்கின்றன. அணை கட்டியவர்களுக்காவது திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. கட்டவிடாதவர்களுக்கு, கட்டாத இடத்தில் ஓடும் ஆறு ஒன்றுதான்.

இன்னொரு கூட்டத்தாரும் அங்கே இருக்கிறார்கள், நம் வாய்க்காலோடு நேரடித் தொடர்பு உள்ளவர்கள். காடர்கள் என்னும் பழங்குடியினர். பரம்பிக்குளத்துப் பக்கம் வாழ்ந்தவர்கள், அணைக்கு அணை இடம் மாற்றப்பட்டு ஆற்றோடு கீழே இறங்கி வந்தவர்கள். வாழச்சாலுக்கு வந்து சேர்ந்த பிறகு அங்கேயும் ஓர் அணை என்றால் அவர்களுடைய கேள்வியை நாமே ஊகித்துக்கொள்ளலாம். 2014இல் வாழச்சால் பகுதியில் ஒன்பது காடர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை கிடைத்தது. அதன் பிறகு அவர்களுடைய ஊர்க்கூட்டத்தைக் கேட்காமல் காட்டில் கைவைக்க முடியாது என்ற நிலை வந்தது. அதே காட்டில் நான்கு வகை இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கின்றன. முன்பு குஞ்சுகளை எடுத்துவந்த காடர்களே இன்று அந்தக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். நம்மவர்கள் படங்களில் பார்த்த அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஆற்றங்கரைக் காடு அதற்கு மேலே இருக்கிறது, மூழ்கவிருந்ததும் அதுதான்.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் உடைந்தது நினைவிருக்கும். நம் பக்கம் எல்லாரும் ‘தண்ணீர் வீணாகிறதே’ என்று பதறினோம். நானும்தான். அதே நேரத்தில் கீழே சாலக்குடியில் கரையோர மக்களை எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் 2018 வெள்ளத்தில் பெரிங்கல்குத்து அணையின் மேலேயே தண்ணீர் வழிந்தோடக் கண்டவர்கள். நமக்கு வீணான தண்ணீர் அவர்களுக்கு வாசலில் வந்து நிற்கும் தண்ணீர்.

உங்கள் கூட்டத்துக்கு வருவேன். வந்தால் திட்டத்தை எதிர்த்துப் பேசமாட்டேன், ஆதரித்தும் பேசமாட்டேன். ஒன்று கேட்பேன். திருமூர்த்தி அணையிலிருந்து உங்கள் மண்டலத்துக்குத் திறந்துவிடும் நீர் எவ்வளவு, உங்கள் மடைக்கு வந்து சேருவது எவ்வளவு? வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதைப் பற்றியும் உடைந்த கரையைப் பற்றியும் உங்கள் மாமாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். இருக்கும் தண்ணீரின் கணக்கு கையில் இல்லாமல் இன்னொரு மலையிலிருந்து தண்ணீர் கேட்டால், அந்த மலைக்குக் கீழே இருக்கும் ஒரு லதா அனந்தா கணக்கோடு வந்து எதிரில் உட்காருவார். வெல்வது அவராகத்தான் இருக்கும்.

அளப்பது கடினமல்ல. வாய்க்காலின் ஒழுங்கான பகுதி ஒன்றில் அகலத்தையும் ஆழத்தையும் பாருங்கள். ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு பத்து மீட்டர் போக எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அது மேல்மட்ட வேகம். சற்றுக் குறைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியான அளவு வந்துவிடும். தலைப்பிலும் கடைமடையிலும் ஒரே நாளில் செய்யவேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மட்டையைப் போடட்டும், நீங்கள் எண்ணுங்கள். எண்ணிக்கை வந்ததும் எழுதுங்கள், தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.