கம்மி விலைக்குக் கைத்துப்பாக்கி: சேலம்காரர்கள் கேட்டவை

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸ் இருக்கிறது. ரைபிள் கிளப்புக்கும் போய்வருகிறேன். அதனால் ஊரில் யாருக்குத் துப்பாக்கி சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். இந்த முறை எல்லோரும் கேட்டது விலையைப் பற்றி.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: அண்ணா, பழைய ரிவால்வர் ஒன்று ஒரு லட்சத்துக்குள் எங்கே கிடைக்கும்? காட்டுமாடு தொல்லை தாங்கலை. லைசென்ஸ் இன்னும் போடலை.

லைசென்ஸ் இல்லை என்றால் விலைப் பேச்சே வேண்டாம் தம்பி. அட்வான்ஸும் கொடுக்காதீர்கள், "ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க" என்று யாராவது நீட்டினால் கையிலும் வாங்காதீர்கள். முதலில் ஏ-1 என்ற லைசென்ஸ் மனுப் படிவம், மருத்துவச் சான்று, ஆயுதப் பயிற்சிச் சான்று, பிறகு போலீஸ் விசாரணை. வயது 21 முடிந்திருக்க வேண்டும்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு இரண்டு வகைக்குத்தான் லைசென்ஸ் தரச் சொல்கிறது. ஒன்று, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே குண்டைச் சுழற்றும் சுருள் வரி இல்லாத துப்பாக்கி. மற்றது, பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்ப்பக்கம் வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. கைத்துப்பாக்கி கேட்டால் உயிருக்கு என்ன ஆபத்து, ஏன் இதுதான் வேண்டும் என்று தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்டுமாட்டைக் காரணமாக எழுதினால் மனு அங்கேயே நிற்கும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு, சுட்டால் நீங்கள் உள்ளே. ரிவால்வரின் பாயின்ட் 32 (0.32 அங்குல அளவு) குண்டு அதற்குக் கோபத்தைக் கிளப்புமே தவிர வேறொன்றும் செய்யாது. வேலிக்குச் செலவு பண்ணுங்கள்.

அஸ்தம்பட்டி: அமெரிக்காவில் போலீஸ் கழித்த கிளாக் பிஸ்டல் சல்லிசாகப் போகிறதே, இங்கே மட்டும் ஏன் லட்சக்கணக்கில்?

அங்கே போலீஸ் பழையதை டீலரிடம் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கிறது, பழையது கடைக்கு வருகிறது. நம் ஊரில் அந்த வழியே கிடையாது. அதோடு அந்த பிஸ்டல்களில் பலவற்றின் 9 மி.மீ. குண்டளவு நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுபோனது. பேர் பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. அதனால் அதற்கு முன் வந்த வெப்ளியும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டே இருக்கின்றன. பழசு என்றால் மலிவு என்ற கணக்கு இங்கே தலைகீழ். கான்பூரில் செய்யும் புது ரிவால்வரைவிடத் தாத்தா காலத்து வெப்ளிக்கு அதிகம் கேட்பார்கள். 2014இல் வந்த, வெறும் அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் ரிவால்வரே அப்போது 1,22,360 ரூபாய். மலிவு வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பெயரை மறந்துவிட்டு, கான்பூர் பாயின்ட் 32இல் நன்றாகப் பராமரித்த பழையதைப் பாருங்கள்.

ஆத்தூர், லைசென்ஸ் உள்ளவர்: அப்படி ஒன்று வந்திருக்கிறது. பெரியவர் ஒருவர் வயதாகிவிட்டது என்று விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் காகிதம். லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்கலாம். ஆனால் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் கைமாற்றினால் இருவருக்கும் வம்பு. உங்கள் லைசென்ஸில் ரிவால்வருக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், மூன்று கிடையாது. துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரையும் அவர் லைசென்ஸில் இருக்கும் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ராவிய தடம் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பார்ப்பதை டீலர் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கான்பூர் பழைய மாடல் நடுவில் மடிந்து திறக்கும். திறந்ததும் ஆறு அறையும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு மூடி, அந்தக் கீலும் மேலே உள்ள கொக்கியும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். இந்த மாடலில் முதலில் தளர்வது அதுதான். சுத்தியலை இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் அசையாமல் நிற்க வேண்டும். லேசான ஆட்டம் பரவாயில்லை, கடகடவென்றால் வேண்டாம். குழலுக்குள் டார்ச் அடித்தால் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், உள்ளே அம்மைத் தழும்பு போல் குழி விழுந்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வெளியே பாலிஷ் போயிருப்பது நல்லதுதான், விலை குறைக்கப் பேச வழி கிடைக்கும்.

ஓமலூர்: அண்ணா, மாமனார் இறந்து எட்டு மாசம் ஆச்சு. பீரோவில் அவர் ரிவால்வர் இருக்கு. ஒருத்தர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள் அம்மா. லைசென்ஸ் அவர் பெயருக்கு, அவரோடு அது போயிற்று. இப்போது அது பீரோவில் இருப்பதே தப்பு. 21வது பிரிவின்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறப்புச் சான்றோடு போங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வாரிசாக லைசென்ஸுக்கு மனு போடலாம். வேண்டாம் என்றால் டீலர் வழியாக முறைப்படி விற்கலாம். வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்கள் உள்ளவர்களும் கேளுங்கள்: அவர்களுக்கு 70 வயதாகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ அவர்களே வாரிசைக் காட்டி மாற்றிவிடலாம். பலர் இதைச் செய்வதில்லை.

கொண்டலாம்பட்டி: வாட்ஸாப்பில் ஒருவன் 25,000க்குப் பிஸ்டல் தருகிறேன், கொரியரில் வரும் என்கிறான்.

பணம் போகும், பொருள் வராது. வந்தால் அதைவிட மோசம்: லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், 5 வரை போகலாம். அவன் போன் நம்பரை போலீஸிடம் கொடுங்கள்.

கருமந்துறை: பரணில் பழைய நாட்டுத்துப்பாக்கி கிடக்கிறது. விற்றால் ஏதாவது தேறுமா?

ஒன்றும் தேறாது. ஒப்படையுங்கள் என்று போலீஸ் அவ்வப்போது மலை ஊர்களில் அறிவிப்பு கொடுக்கும். அதுவரை காத்திருக்காமல் வக்கீலைக் கேட்டு இப்போதே கொடுத்துவிடுவது உத்தமம்.

கல்லூரி மாணவர், சேலம்: எனக்குச் சுடக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை, அவ்வளவு பணம் இல்லை.

உங்களுக்குத்தான் நல்ல சேதி தம்பி. பாயின்ட் 177 அளவுக்கு மேல் போகாத, 20 ஜூலுக்குள் ஆற்றல் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டை போதும். பத்து மீட்டர் போட்டியே அதில்தான் நடக்கிறது. உடனே வாங்கிவிடாதீர்கள். கிளப்பில் சேர்ந்து அங்கே இருப்பதில் கொஞ்ச நாள் சுடுங்கள், கைக்குப் பிடி பொருந்துவது எது என்று தெரிந்தபின் வாங்கினால் காசு வீணாகாது. மொட்டை மாடியில் நின்று புறாவைக் குறிபார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ஏற்காடு, இன்னொருவர்: தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்தால் துருப்பிடித்து வருகிறதே?

கொடுப்பதற்கு முன் குழலுக்கு உள்ளும் வெளியும் எண்ணெய் பூசுங்கள். தோல் உறையோடு கொடுக்காதீர்கள், மலைக் குளிரில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரசீதில் நம்பரோடு துப்பாக்கி இருக்கும் நிலையையும் எழுதி வாங்குங்கள்.